யண்டரூவில் முடியாதிருந்த ஆட்டம்

யண்டரூவுக்கும் கோர்லிக்கும் இடையிலான அந்த இறுதியாட்டம் தொடங்கிய மத்தியானம் ஐங்கரனின் மகள் ஆரபிக்குக் கீழ்முரசில் முதல் பல் முளைத்திருந்தது. அது முடிந்த மத்தியானம் அவள் தாயின் காரை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். இடைப்பட்ட காலம் முழுவதும் ஐங்கரன் மைதானத்தில் இருந்தான். அதுதான் அவனுடைய தொழில்.

றக்பி லீக் விளையாட்டில் முன்வரிசைக்காரனின் வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிசம் போதும், செய்து முடிக்கத்தான் ஒரு உடம்பு போதாது. பந்தை வாங்கி, எதிரே சுவராக நிற்கிறவர்களில் ஆகப் பெரியவர்கள் யாரென்று பார்த்து, அவர்களை நோக்கியே ஓடி, மோதி, விழுந்து, எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, மறுபடி வாங்கி, மறுபடி ஓடுவது. பந்து மற்றப் பக்கம் போய்விட்டால் அதேபோல ஓடி வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து விழுத்துவது. அவன் உடைத்துக் கொடுக்கிற இடைவெளியால் ஒல்லியான பையன்கள் ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்துப் புள்ளி எடுப்பார்கள், அவர்களுடைய படம் பேப்பரில் வரும், முன்வரிசைக்காரன் அந்த நேரம் எங்கேயாவது ஒரு மூலையில் முழங்காலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான்.

ஐங்கரன் பருத்தித்துறையில் பிறந்தவன். சிறுபிள்ளையாகத் தாய் தகப்பனோடு அவுஸ்திரேலியாவுக்கு வந்து, ஓர் ஆறும் ஒரு பாலமும் ஓர் இறைச்சி ஆலையும் இருந்த யண்டரூவில் குடியேறினான். தகப்பன் நவரத்தினத்துக்கு ஆலையில் எலும்பு பிரிக்கிற வேலை. அந்த ஆலையை நம்பிப் பிறகு வேறு தமிழ்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. மகன் வாசல்நிலையில் தலை இடிக்கிற அளவுக்கு வளர்ந்ததைக் கண்ட பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் அவன் கையில் முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கொடுத்தார். "சண்டைக்குத் தப்பி இவ்வளவு தூரம் வந்து, நீ தேடிப்போய்ச் சண்டை வாங்கிறியோ?" என்று தாய் கேட்டாள். மோதி விழுந்து எழும்புகிற அந்த ஒரு கணத்தில் யாரும் அவனை எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

பத்தொன்பது வயதில் பெருநகரத்துக் கழகம் ஒன்று அவனை ஒப்பந்தத்தில் எடுத்தது. தமிழ்ப் பிள்ளை ஒன்று தொலைக்காட்சியில் அடி வாங்குகிறது என்று யண்டரூத் தமிழர்கள் ஒரே வீட்டில் கூடியிருந்து பார்த்தார்கள். பெருநகரம் அவனை மெல்ல மெல்லத் தேய்த்தது: முதலில் ஒரு தோள்மூட்டு, பிறகு இரண்டு முழங்கால், பிறகு கழுத்தில் மரத்துப்போன ஒரு நரம்பு, முதலாம் அணியிலிருந்து மாற்று ஆட்கள் இருக்கிற வாங்குக்கு, வாங்கிலிருந்து இரண்டாம் அணிக்கு, அங்கிருந்து, அலுத்துப்போன ஒரு பயிற்சியாளரின் கைகுலுக்கலோடு, வீட்டுக்கு. யண்டரூக் கழகம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. வவுனியாவிலிருந்து சாருமதி கலியாணமாகி வந்தாள், ஆரபி பிறந்தாள், இறுதியாட்டத்தன்று காலையில் அவன் முழங்காலுக்குப் பட்டி சுற்றியபடி மனைவியிடம் சொன்னான்:

"இந்த மட்சோட காணும், சாரு. வெண்டாலும் தோத்தாலும் நாளையில இருந்து நான் வீட்டுக்காரன்."

"முதல் முழுசா வந்து சேருங்கோ," என்றாள் சாருமதி. "பிறகு வீட்டுக்காரனாகலாம்."

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இறுதியாட்டத்தில் சமநிலை செல்லாது என்பதும், மேலதிக நேரத்தில் முதலில் யார் ஒரு புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே கிண்ணம் என்பதும் சட்டம். அந்த மேலதிக நேரத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது: களைத்தவன் வாங்கில் இருக்கலாம், உடைமாற்றும் அறையில் படுக்கலாம், ஆனால் மைதானத்து வேலியைத் தாண்டிப் போனவன் திரும்பி வந்து ஆட முடியாது. அந்தப் புள்ளி வரவில்லை. உதைத்த பந்து கோல் தூணில் பட்டுத் திரும்பியது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஆட்கள் விழுத்தப்பட்டார்கள். தடுக்க ஒருவருமில்லாமல் ஓடிய பையனின் கையிலிருந்து பந்து சவர்க்காரம்போல வழுக்கியது. பொழுதுபட்டது, விளக்குகள் போட்டார்கள், விடிந்தது, விளக்குகளை அணைத்தார்கள், டென்னிஸ் என்ற தபால்காரர்தான் நடுவர், அவர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு கையால் பாண் சாப்பிட்டார், ஆட்டம் நடந்தது.

முதல் கிழமை சனங்கள் வேலைக்குப் போகாமல் இருந்து பார்த்தார்கள். இரண்டாம் கிழமை போர்வைகள் வந்தன, மூன்றாம் கிழமை கூடாரங்கள் வந்தன, மாதம் ஒன்று ஆனபோது இறைச்சி ஆலை தன் வேலைநேரத்தை மாற்றிக்கொண்டது. கோர்லியிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் மேற்குப் பக்கமாகவும் யண்டரூக்காரர் கிழக்குப் பக்கமாகவும் குடியமர, நகரசபை இரு பக்கத்துக்கும் தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தது. இந்த இறுதியாட்டம் முடியாமல் அடுத்த பருவத்தைத் தொடங்க வழியில்லை என்பதால் மற்ற ஊர்க் கழகங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து, சிலர் மீன்பிடிக்கவும் சிலர் கூட்டுப்பாடல் பாடவும் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்களை, விழுத்தப்பட்டவர்களை எண்ணியே படித்தார்கள். கிழக்குப் பக்கத்துப் பெண்கள் மேற்குப் பக்கத்து ஆண்களைக் கட்டிக்கொண்டார்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எந்தப் பக்கம் இருப்பதென்று தெரியாமல் தூண்களுக்குப் பின்னால் விளையாடினார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு வடகிழக்கு மூலை கிடைத்தது. இடியப்பமும் சம்பலும் அங்கே நாள் முழுதும் இருந்தன, தேர்த்திருவிழாவன்று பிள்ளையாரின் சின்னத் தேர் மைதானத்தைச் சுற்றி வந்தது, வீதி சுற்றுவதைவிட இது வசதி என்று ஐயரே சொன்னார். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்து "இது எப்ப முடியும்?" என்று கேட்டவர்களை அவர்கள், குழந்தை எப்போது கிழவனாகும் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

உள்ளே ஆடியவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். கால் முறிந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பெண்சாதிக்காரி பிள்ளையோடு வந்து அழுதபோது ஒருவன் தானாகவே வேலி கடந்து போனான், அவர்களின் இடத்துக்குப் பையன்கள் வந்தார்கள், அந்தப் பையன்களுக்கும் தாடி வளர்ந்தது. தொடக்கத்திலிருந்தே நின்றவர்களில் மிஞ்சியது இரண்டு பேர்: யண்டரூவின் ஐங்கரன், கோர்லியின் செமிசி. செமிசி பசிபிக் கடலின் தொங்கா தீவுக்காரன், அவனும் முன்வரிசைக்காரன், ஐங்கரனுக்கு நேரெதிரே நிற்கிறவன். பந்து வெளியே போகும்போதெல்லாம் இரு அணியும் குனிந்து தலையோடு தலை முட்டி நிற்கையில் ஐங்கரனின் கன்னம் செமிசியின் கன்னத்தில் உரசும். சாருமதியின் மூச்சைவிட செமிசியின் மூச்சு அவனுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

ஏன் நீயும் போகவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் ஐங்கரன் என்ன சொல்லியிருப்பான்? கழகம் சம்பளத்தை ஒழுங்காக வீட்டுக்கு அனுப்பியது, அது ஒன்று. அவன் போனால் அந்த இடத்தில் ஊர் உடைந்துபோகும் என்று எல்லாரும் சொன்னார்கள், அது ஒன்று. ஆனால் உண்மை என்னவென்றால், விழுந்தவன் எழும்புவதற்கும் எழும்பியவன் ஓடுவதற்கும் நடுவில் முடிவெடுக்க நேரம் இருக்கவில்லை; அப்படியே வருடங்கள் போயின.

ஒரு குளிர்காலத்தில் நவரத்தினம் காலமானார். பிரேத வண்டி சுடலைக்குப் போகிற வழியில் மைதானத்து வேலியோரமாக வந்து நின்றது. நடுவர் டென்னிஸ் தன் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். பெட்டியைத் திறந்து வேலிக்குச் சமமாகத் தூக்கிப் பிடித்தார்கள். ஐங்கரன் சேறு படிந்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, கம்பிக்கு மேலால் குனிந்து, தகப்பனுக்கு வாய்க்கரிசி போட்டான். குனிந்தவனால் நிமிர முடியவில்லை. அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவனுடைய முழங்கையைப் பிடித்து நிமிர்த்தியது, வண்டி கண்ணுக்கு மறையும்வரை விடாமல் பிடித்திருந்தது. அது செமிசியின் கை. விசில் ஊதியதும் அவன் தன் இடத்துக்குப் போனான், முதற்பந்தை வாங்கினான், ஐங்கரனை நோக்கி ஓடி வந்தான், ஐங்கரன் அவனைப் பிடித்து விழுத்தினான்.

செமிசிக்கு ஏதோ ஆகிறதென்பது முதலில் தெரிந்தது ஐங்கரனுக்குத்தான். தலையோடு தலை முட்டி நின்றபோது செமிசி மெல்லக் கேட்டான்:

"எத்தினைக்கு எத்தினை?"

"சமன்," என்றான் ஐங்கரன்.

அடுத்த முறை முட்டியபோதும் கேட்டான். அதற்கடுத்த முறையும் கேட்டான். விளையாடுகிறானாக்கும் என்று ஐங்கரன் முதலில் நினைத்தான். பிறகு ஒருநாள் செமிசியைப் பிடித்து விழுத்தி எழும்பியபோது, அவன் பந்தோடு தன் சொந்தக் கோட்டை நோக்கித் திரும்பி நின்று, சுற்றிவரப் பார்த்தபடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சிரித்தான். ஐங்கரன் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டான். கோர்லிக்காரர் கண்டுகொள்ளவில்லை, முன்வரிசைக்காரன் கதைக்க வேண்டும் என்றோ யோசிக்க வேண்டும் என்றோ எந்த ஊரிலும் ஆரும் எதிர்பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஐங்கரன் அவனைப் பிடித்தான், விழுத்தினான், எழுப்பினான், திருப்பிவிட்டான். பார்க்கிறவர்களுக்கு அது எதிராளியைத் தள்ளிவிடுவதுபோல இருந்தது. இந்த நாலாவது வேலையை எந்தப் பயிற்சியாளரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, மற்ற மூன்றையும்விட அதுதான் அவனைக் களைக்கப் பண்ணியது.

ஒரு மத்தியானம், அவனுக்கு வாங்கில் ஓய்வு கிடைத்த நேரம், சாருமதி வேலிக்கு அப்பால் வழக்கமான இடத்தில் வந்து நின்று சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினாள். அவளுடைய தலையில் காதோரம் நரை விழுந்திருந்ததை அவன் அன்றைக்குத்தான் கண்டான்.

"சாரு, செமிசிக்குத் தலை சரியில்லை."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"என்னெண்டு தெரியும்?"

"போன கிழமை ஒரே நாளில ரெண்டு தரம் வந்து என்னட்டச் சாப்பாடு வாங்கினவர். முதல் தரம் வாங்கினது அவருக்கு நினைவே இல்லை. ரெண்டாந்தரமும் புதுசா வாங்கிற மாதிரித்தான் நன்றி சொன்னவர்."

ஐங்கரன் சோற்றைப் பிசைந்தான். விரல்கள் மடங்க மறுத்தன. அவை உடைந்து உடைந்து பொருந்திய விரல்கள். "அவன்ர ஆக்களுக்குச் சொல்லுவமோ எண்டு யோசிக்கிறன். சொன்னால் வேலிக்கு வெளியால எடுத்துப்போடுவினம். பிறகு அவனுக்கு என்ன இருக்கு? இப்ப அவனுக்கு நினைவிருக்கிறதே இந்த மைதானம் ஒண்டுதான்."

"சொல்லாட்டி?"

"இன்னும் கொஞ்ச அடி விழுந்தால் அதுவும் போயிடும்."

"ஆர் அடிக்கிறது?"

மைதானத்தில் யாரோ விழுகிற சத்தம் கேட்டது, சனங்கள் வழக்கம்போல ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

"நான்தான்," என்றான்.

"அப்ப ஏன் பிடிக்கிறியள்?"

"என்ன கதை கதைக்கிறாய், சாரு? பிடிக்கிறதுதானே என்ர வேலை."

"அதைத்தான் கேக்கிறன்." சாருமதி கம்பியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய குரலில் கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டுக் களைத்து அதைக் கடந்து வந்த ஒருத்தியின் குரல் அது. "நேற்று ஆரபி கேட்டவள், அப்பா கட்டில்ல எந்தப் பக்கம் படுக்கிறவர் எண்டு. சும்மாதான் கேட்டவள். நான் சொல்லப் பாத்தன், எனக்கு வரேல்லை. மறந்துபோச்சு."

அவள் வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். ஐங்கரனுக்கும் அது நினைவில்லை. வாங்கில் இருந்து யோசித்துப் பார்த்தான்: ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா? அந்த அறைக்கு ஜன்னல் இருந்ததா? அவன் செமிசியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான், இப்போது தன்னைத் தேடிப் பார்த்தால் தானும் வீட்டில் இல்லை. பயிற்சியாளர் அவனுடைய பெயரைக் கூப்பிட்டார். அவன் எழும்பி உள்ளே போனான்.

பந்து கோர்லியின் கையில் இருந்தது. அது செமிசியிடம் வந்தது. நூறாயிரம் தரம் ஓடியதுபோலவே செமிசி தலையைத் தாழ்த்திக்கொண்டு ஐங்கரனை நோக்கி ஓடி வந்தான். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்கு, உண்மையில் அது விழுந்துவிடாமலிருப்பதற்காகக் கால்களை மாற்றி மாற்றி வைப்பது. ஐங்கரனுக்கு இரண்டு பக்கமும் நின்ற பையன்கள் இனி அவன் பார்த்துக்கொள்வான் என்று பின்னுக்குத் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஐங்கரனைத் தாண்டி ஒருவரும் போனதில்லை. செமிசியின் மூச்சு அவனுக்குக் கேட்டது. ஐங்கரன் கைகளைத் தூக்கினான். தூக்கிய கைகளைக் கீழே விட்டான். ஒரு பக்கமாக ஓரடி எடுத்து வைத்தான், பஸ்ஸில் ஒருவருக்கு வழி விடுவதுபோல.

செமிசி அவனைத் தாண்டிப் போனான். தாண்டிப் போனவன் நாலைந்து அடியில் நின்றுவிட்டான், ஏனென்றால் யாரும் தன்னை விழுத்தாதபோது என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி ஐங்கரனைப் பார்த்தான்.

"நேரா," என்றான் ஐங்கரன். "நேரா நட."

செமிசி நேராக நடந்தான். மேற்கும் கிழக்கும் எழுந்து நின்றன. கோட்டுக்கு முன்னால் யண்டரூவின் கடைசிக் காவலாக டார்சி நின்றான், மைதானத்து வாசலில் இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரம் விற்கிறவளின் மகன், பத்தொன்பது வயது, ஊரிலேயே வேகமான கால். இந்த ஆட்டத்தைத் தவிர உலகத்தில் வேறொன்று உண்டென்பது அவனுக்குத் தெரியாது. அவன் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு, செமிசியின் விலாவை நோக்கிக் குறுக்காகப் பாய்ந்து வந்தான். அந்த வேகத்தில் வந்து அவன் மோதினால் செமிசியின் தலைக்குள் மிஞ்சியிருப்பதும் சிதறிவிடும் என்று ஐங்கரனுக்குத் தெரிந்தது. பெருநகரத்தில் விட்டுவிட்டு வந்த கால்கள் எங்கிருந்தோ அவனுக்குத் திரும்பி வந்தன. எதிராளியின் ஆளைப் பந்தில்லாமல் பிடிப்பது குற்றம், உயரத்தில் பிடிப்பது குற்றம், விழுந்தவனைப் பிடிப்பது குற்றம், ஆனால் சொந்த அணிக்காரனைப் பிடிக்கக்கூடாதென்று எந்தச் சட்டமும் எழுதியிருக்கவில்லை, அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஐங்கரன் டார்சியின் இடுப்பில் தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் சுற்றிக் கட்டி, தன் உடம்பு கீழேயும் பையனின் உடம்பு மேலேயுமாக வரும்படி உருண்டு, அவனை நிலத்தில் கிடத்தினான். அவன் வாழ்க்கையில் பிடித்த பிடிகளில் ஆகச் சுத்தமான பிடி அது.

"விடு என்னை! விடடா!" என்று டார்சி கத்தினான். "நீ எங்கட ஆள்!"

"தெரியும்," என்றான் ஐங்கரன், விடாமல். "கொஞ்சம் பொறு. கொஞ்ச நேரம்தான்."

செமிசி கோட்டைக் கடந்து இரண்டு தூணுக்கும் நடுவில் போய் நின்றான். பந்து அவனுடைய நெஞ்சோடு இருந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். அதை என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு நினைவில்லை. கோர்லிக்காரர் கிட்டப் போகாமல் நின்றார்கள், ஐங்கரன் டார்சியை இன்னும் இறுக்கிக் கட்டினான். அப்போது வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது, சாப்பாட்டுப் பாத்திரம் சுடும்போது வேலிக்கு மேலால் அவனுக்குச் சொல்லுகிற அதே குரலில்:

"செமிசி அண்ணை! கீழ வையுங்கோ!"

செமிசி சாருமதி நின்ற பக்கம் பார்த்துத் தலையாட்டினான். முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும், நித்திரையான பிள்ளையைக் கிடத்துகிற மாதிரிப் பந்தை நிலத்தில் வைத்தான்.

நடுவர் டென்னிஸ் தன் விசிலை ஊதினார். ஆட்டம் முடிந்ததென்று அறிவிக்கிற மின்சங்கு துருப்பிடித்துப்போயிருந்தது, மைதானக் காவல்காரன் அதைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட, அது இருமி, பிறகு நீளமாக ஊதி ஓய்ந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. கோர்லிக்காரருக்கு வென்றால் என்ன செய்வதென்று மறந்துபோயிருந்தது, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யண்டரூக்காரர் குனிந்து போர்வைகளை மடிக்கத் தொடங்கினார்கள். டார்சி எழும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அணியில் சேர்ந்த பிறகு முதல்முறையாக அந்த வேலியைத் தாண்டி வெளியே போய், தெருவில் எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் நின்றான். கழகத் தலைவர் ஐங்கரனிடம் வந்தார்.

"நீ என்ன செய்தாய் எண்டு உனக்கு விளங்குதா?"

"விளங்குது," என்றான் ஐங்கரன்.

செமிசியின் மனைவி, மேலே என்பது அவளுடைய பெயர், வேலியைத் தாண்டி ஓடி வந்து கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். செமிசி அவளோடு போகையில் ஐங்கரனுக்கு முன்னால் நின்றான்.

"ஆர் வெண்டது?"

"நீதான்."

செமிசி சந்தோசப்பட்டான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ எங்கட ஆளோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றான் ஐங்கரன்.

வீட்டுக்குப் போய் அவன் தூங்கினான். படுக்கிற பக்கம் எது என்று அவர்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. சாருமதி ஜன்னல் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். தூங்கி எழும்பி, சாப்பிட்டு, மறுபடி தூங்கினான், அவனுடைய உடம்பு வருடக்கணக்கான வலியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டிலில் பரப்பியது. வெளியே ஊர் வேறு மாதிரியாகிக்கொண்டிருந்தது. கூடாரங்கள் போயின, தண்ணீர்க் குழாய்களை நகரசபை பிடுங்கியது, மைதானத்தில் புல் முளைத்தது. மேற்கிலும் கிழக்கிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பாலத்துக்கு எந்தப் பக்கம் வீடெடுப்பதென்று சண்டை பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தபோது சனங்கள் கதவுக்கு வெளியே கதிரை போட்டுக்கொண்டு ஒன்றையும் பார்க்காமல் இருந்தார்கள். அதற்கெல்லாம் காரணம் ஐங்கரன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. டார்சியின் தாய் அவனைக் கண்டால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போனாள். கடையில் அவன் நின்ற வரிசை கலைந்தது. கோயில் தர்மகர்த்தா கந்தவனம், "தம்பி, நீர் செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, ஆனால் அத்தினை சனத்துக்கு முன்னால செய்திருக்கப்படாது," என்றார். எந்த இடத்தில் செய்திருக்கலாம் என்று ஐங்கரன் கேட்கவில்லை.

ஆரபி கார் பழகுவதற்குச் சாட்டாக அவனைக் கோர்லிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தகப்பன் பக்கத்தில் இருப்பது அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பாலத்தில் ஏறியபோது, "அப்பா, நீங்க என்னட்ட ஒண்டும் கேக்கிறேல்லையா?" என்றாள். "என்ன கேக்கிறது எண்டு தெரியேல்லை, பிள்ளை," என்றான் அவன். அவள் சிரித்துவிட்டு, தானாகவே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தாள், பள்ளிக்கூடம், சிநேகிதிகள், உயிரியல் பாடம், தனக்குப் பிடிக்காத ஒரு வாத்தியார். செமிசி தோட்டத்தில் இருந்தான். அவன் ஐங்கரனை அடையாளம் காணவில்லை. ஆனால் அவன் இப்போது நன்றாகத் தூங்குகிறான் என்றும், காலையில் எழும்பும்போது பயப்படுவதில்லை என்றும் அவனுடைய மனைவி மேலே சொன்னாள். போகிற நேரம் ஐங்கரனுக்கு ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்துவிட்டாள்.

கத்தரிக்காய் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐங்கரன் சிவப்பு மூடிக் குப்பை வாளியை வைத்துவிட்டு, இரண்டாவது வாளியை உருட்டிக்கொண்டு தெருவோரத்துக்கு வந்தான். சாருமதி வேலைக்குப் போயிருந்தாள், ஆரபி பள்ளிக்கூடம் போயிருந்தாள், இதாவது நான் செய்கிறேன் என்று அவனே கேட்டு வாங்கிய வேலை. பக்கத்து வீட்டு வாசலில் வால்டர் நின்றார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், தனிக்கட்டை. மைதானத்துக் கிழக்குப் பக்கத்தில் அவருடைய மடக்குக் கதிரை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை, ஆட்டம் முடிந்ததிலிருந்து அவர் ஐங்கரனின் முகத்தைப் பார்த்ததுமில்லை. ஐங்கரன் வாளியை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"இண்டைக்கு மஞ்சள் மூடி," என்றார் வால்டர்.

ஐங்கரன் நின்றான். "என்ன?"

"சிவப்பு ஒவ்வொரு கிழமையும். தோட்டக் குப்பைக்குப் பச்சை, போத்தல் பேப்பருக்கு மஞ்சள், அது ரெண்டும் மாறி மாறி. இண்டைக்கு மஞ்சள். நீ பச்சையைக் கொண்டு வந்திருக்கிறாய்."

ஐங்கரன் பச்சை மூடி வாளியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு, மஞ்சள் மூடி வாளியை இழுத்துக்கொண்டு வந்தான். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. வால்டர் அவசரப்படாமல் காத்திருந்தார். அவன் அதை நிறுத்தியதும் அவர் இரண்டு எட்டு வைத்து வந்து, வாளியை அரைவட்டமாகத் திருப்பினார்.

"பிடி வீட்டுப் பக்கம் இருக்கோணும். இல்லாட்டி லொறிக்காரன் எடுக்கமாட்டான்."

"சரி," என்றான் ஐங்கரன்.

லொறி தெருமுனையில் திரும்பியது. இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அது ஒவ்வொரு வாசலாக நின்று வந்து, இரும்புக் கையை நீட்டி வாளியைக் கட்டிப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்து, திரும்பவும் கொண்டுவந்து நிலத்தில் வைத்துவிட்டுப் போனது.

"அடுத்த கிழமை பச்சை," என்றார் வால்டர்.